உடும்புப்பிடி: கிராப்பிள் விதிகளோடு நீண்ட காலம் விளையாடிய அனுபவம்

மேசை ஆர்பிஜி விளையாட்டுகளில் (ஆளுக்கொரு கேரக்டராக உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை ஆடுவது) எனக்கு எப்போதும் பிடித்த ஆள், எதிரியின் மேல் பாய்ந்து கட்டிப்பிடித்து, அவனை நகரவிடாமல் நிறுத்துகிறவன்தான். வாள்வீச்சில் டேமேஜ் எண்ணிக்கை ஏறும். பிடியிலோ சண்டை எங்கே நடக்கிறது என்பதே மாறிப்போகும். பல ஆண்டுகளாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வெவ்வேறு பதிப்புகளிலும் பாத்ஃபைண்டரிலும் இப்படிப்பட்ட கேரக்டர்களை ஆடியிருக்கிறேன், ஆட்டத்தை நடத்தியும் இருக்கிறேன். நீண்ட நாள் ஆடிய பிறகு கிராப்பிள் விதியை, அதாவது எதிரியைக் கட்டிப்பிடிக்கும் விதியை, எடைபோட நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பிடிபட்டவனால் இனி என்ன செய்ய முடியாது? பிடிப்பதற்கு எத்தனை பகடை உருட்டினோம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

2003-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 3.5 பதிப்பிலிருந்து தொடங்குகிறேன். கிராப்பிள் என்றாலே மேசையில் எல்லோரும் பெருமூச்சு விட்டது அந்தக் காலத்தில்தான். ஒருவனைப் பிடிக்கப் போனால் முதலில் அவனுக்கு ஒரு இலவச அடி கிடைக்கும். அந்த அடியில் டேமேஜ் பட்டால் முயற்சி அங்கேயே முடிந்தது. தப்பித்தால் ஒரு டச் அட்டாக் (கவசத்தைக் கணக்கில் எடுக்காமல், தொட்டாலே போதும் என்ற அடி), அது பட்டால் இருவரும் எதிரெதிராக கிராப்பிள் ரோல், அதிலும் ஜெயித்தால் எதிரி நிற்கும் கட்டத்துக்குள் நுழைய வேண்டும். இவ்வளவையும் ஒருவர் புத்தகத்தைப் புரட்டிப் படித்துச் சொல்ல, மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

உருவ அளவுக்கான கூட்டல் இதைவிடப் பெரிய தலைவலி. மனித அளவைத் தாண்டும் ஒவ்வொரு படிக்கும் +4. ஹில் ஜயன்ட் என்ற ராட்சதனுக்கு, பகடையோடு கூட்டும் கிராப்பிள் எண் +20. அதே கட்டத்தில் எதிரே நிற்கும் ஏழாம் லெவல் ஃபைட்டர், பலம் 18 வைத்து, இம்ப்ரூவ்ட் கிராப்பிள் என்ற ஃபீட்டையும் (தனித்திறமை) எடுத்திருந்தால்கூட +15-தான். மனிதர்களோடு மோதும்போது ராஜாவாக இருந்த கேரக்டர், லெவல் ஏற ஏற வேலையில்லாமல் நிற்பான். எதிரிப் பக்கம் எந்தப் பிடியிலிருந்தும் விடுவிக்கும் ஃப்ரீடம் ஆஃப் மூவ்மென்ட் மந்திரம் தெரிந்த ஒருவர் இருந்தால் மொத்த உழைப்பும் வீண்.

ஆனாலும் 3.5-ஐ ஒரு விஷயத்தில் மெச்சத்தான் வேண்டும். அதில் பிடிபடுவது உண்மையிலேயே பயங்கரம். கையசைவு தேவைப்படும் மந்திரம் போட முடியாது. கையசைவு இல்லாத மந்திரமாக இருந்தாலும் 20-உடன் அதன் லெவலைக் கூட்டி வரும் எண்ணை கான்சன்ட்ரேஷன் (மனஒருமை) ரோலில் எட்ட வேண்டும். பிடிபட்ட மந்திரவாதியின் முகத்தில் ஈயாடாது.

2009-இல் வந்த பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு, தாக்குபவருக்கு ஒரு எண், தடுப்பவருக்கு ஒரு எண் என்று கணக்கைச் சுருக்கியது. உருவக் கூட்டலையும் வெகுவாகக் குறைத்தது. நல்ல திருத்தம், ஆனால் பிடித்த பிறகு என்னென்ன செய்யலாம் என்ற பட்டியல் அப்படியே நீளமாகத்தான் இருந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2008 நான்காம் பதிப்பில் பிடி என்பது வெறுமனே எதிரியை நகரவிடாமல் செய்வதோடு சரி. வேகமாக முடியும், சீக்கிரம் மறந்தும் போகும்.

நான் அதிகமாக ஆடியது அதன் 2014-இன் ஐந்தாம் பதிப்பில்தான். ஒரு கை காலியாக இருக்க வேண்டும், எதிரி உங்களைவிட ஒரு அளவுக்கு மேல் பெரியவனாக இருக்கக் கூடாது. ஒரு அட்டாக்குக்குப் பதிலாக அத்லெட்டிக்ஸ் (உடல்பலத் திறமை) ரோல் போடுவீர்கள், எதிரி அத்லெட்டிக்ஸோ அக்ரோபாட்டிக்ஸோ (லாவகத் திறமை) போடுவான். ஜெயித்தால் அவன் வேகம் பூஜ்யம். அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பகடை உருட்டும் அந்த நொடியில் மேசையில் எல்லோரும் எழுந்து நின்று பார்ப்பார்கள். வேறு எந்தப் பதிப்பின் கிராப்பிளிலும் அந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆனால் பிடிபட்டவன் என்ன இழக்கிறான்? வேகத்தை மட்டும். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் ஓக்ரே அரக்கன், பக்கத்தில் நிற்கும் உங்கள் குழு மந்திரவாதியைத் தடையில்லாமல் அடிக்கலாம். பிடிபட்ட மந்திரவாதி எந்த மந்திரத்தையும் போடலாம். மிஸ்டி ஸ்டெப் என்ற இடம்மாறும் மந்திரத்தைச் சொன்னால் 30 அடி தள்ளி நிற்பான். அதனால் பிடியோடு ஷவ் செய்து எதிரியைக் கீழே தள்ளுவது எங்கள் வழக்கமாகிவிட்டது. வேகம் பூஜ்யம் என்றால் எழுந்திருக்க முடியாது. படுத்த நிலையில் அவன் அடிக்கும் அடியெல்லாம் டிஸ்அட்வான்டேஜில் (இரண்டு பகடையில் குறைந்த எண்தான் கணக்கு), பக்கத்தில் நின்று அவனை அடிப்பவர்களுக்கோ அட்வான்டேஜ் (அதிக எண் கணக்கு). ஐந்தாம் லெவலில் எக்ஸ்ட்ரா அட்டாக் வந்ததும் இரண்டையும் ஒரே டர்னில் செய்யலாம். ஒரே குறை, தூரத்திலிருந்து அம்பு விடுபவருக்கு டிஸ்அட்வான்டேஜ் வரும். உங்கள் குழுவில் வில்லாளி இருந்தால் கீழே தள்ளும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இழுத்துச் செல்வதுதான் இந்தப் பதிப்பின் உண்மையான செல்வம். பாதி வேகத்தில் எதிரியைத் தரதரவென்று இழுக்கலாம். நண்பர் தரையில் முள் பரப்பும் ஸ்பைக் க்ரோத் மந்திரம் போட்டிருந்தால் அதில் நகரும் ஒவ்வொரு ஐந்து அடிக்கும் 2டி4 (நான்கு பக்கப் பகடை இரண்டு) டேமேஜ். நீங்கள் முள் பரப்பின் ஓரமாக வெளியே நடந்துகொண்டு அவனை மட்டும் உள்ளே இழுத்தால், 15 அடியில் 6டி4, உங்கள் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. குழுவில் இரண்டு பேர் பேசிவைத்துச் செய்யும் இந்த மாதிரி வேலைக்காகவே நான் திரும்பத் திரும்ப இதே வகைக் கேரக்டரை எடுத்தேன்.

மேல் லெவல்களில் இந்த விதி தள்ளாடத் தொடங்கும். பார்பேரியன் என்ற போர்வீர வகையில் வளர்ந்து, ரோக் என்ற தந்திரக்கார வகையில் ஒரு லெவல் எடுத்து அத்லெட்டிக்ஸில் எக்ஸ்பர்ட்டீஸ் (பயிற்சிக்கான கூட்டலை இரட்டிப்பாக்கும் தேர்ச்சி) வாங்கினால், ஒன்பதாம் லெவலில் பலம் 20-உடன் +13. பார்பேரியனின் ரேஜில் (ஆவேசத்தில்) அட்வான்டேஜ் வேறு. வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு +8-தான். என்லார்ஜ் மந்திரம் போட்டு அளவைக் கூட்டிக்கொண்டால் அதையே தரையில் பிடித்து வைக்கலாம், இறக்கையடித்தாலும் கிளம்ப முடியாது. தோல்வியை வெற்றியாக மாற்றிக்கொள்ளும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸும் டிராகனுக்கு உதவாது, ஏனென்றால் அது சேவிங் த்ரோவுக்கு (ஆபத்திலிருந்து தப்பிக்க உருட்டும் தற்காப்பு ரோல்) மட்டும்தான். முதல் தடவை மேசையே கொண்டாடும். அதுவே வழக்கமாகிவிட்டால் ஆட்டத்தை நடத்துபவருக்குச் சலிப்பு தட்டும். இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

2024 பதிப்பு எதிர்ரோலை எடுத்துவிட்டது. இப்போது எதிரி பலத்திலோ டெக்ஸ்டெரிட்டியிலோ (சுறுசுறுப்பு) சேவிங் த்ரோ போடுகிறான். அவன் எட்ட வேண்டிய எண், 8-உடன் உங்கள் பலத்துக்கான கூட்டலும் ப்ரொஃபிஷியன்சி என்ற பயிற்சிக்கான கூட்டலும் சேர்ந்தது. அதே ஒன்பதாம் லெவல் ஆளுக்கு 17. டிராகன் 9 உருட்டினாலே தப்பித்துவிடும், உருட்டத் தவறினாலும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் காப்பாற்றும். எக்ஸ்பர்ட்டீஸால் இந்த எண் உயராது. அத்லெட்டிக்ஸில் முதலீடு செய்து வளர்த்த கேரக்டருக்கு இது வலிக்கத்தான் செய்யும், எனக்கு வலித்தது.

ஆனால் பிடிபட்டவன், பிடித்தவனைத் தவிர வேறு யாரை அடித்தாலும் இப்போது டிஸ்அட்வான்டேஜ். இந்த ஒரு வரிக்காக நான் 2024 விதியை ஏற்றுக்கொண்டேன். நண்பனைக் காக்க எதிரியைக் கட்டிப்பிடிக்கிறேன் என்று சொன்னால், அது முதல் ரோலிலேயே நடக்கிறது. ஷவ் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை, வில்லாளிக்கும் தொந்தரவு இல்லை. மாங்க் என்ற துறவி வீரர் தன் டெக்ஸ்டெரிட்டியை வைத்தே பிடிக்கலாம் என்பதும் நல்ல சேர்க்கை.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் (2019) பிடி அடுத்த டர்னின் முடிவு வரைதான் நிற்கும். ஒவ்வொரு டர்னும் மூன்று ஆக்ஷனில் ஒன்றைச் செலவழித்துப் புதுப்பிக்க வேண்டும். கையசைவுள்ள மந்திரம் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பில் வீணாகும். படுமோசமாக உருட்டினால் எதிரி உங்களையே பிடித்துக்கொள்ளலாம். பரபரப்பாக இருக்கும், ஆனால் பிடித்தே வாழும் கேரக்டருக்குக் கை ஓயாத வேலை. புதிதாகச் சேருபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது நான் நடத்தும் ஆட்டத்தில் 2024 விதியை அப்படியே வைத்து ஒரே ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். பிடிப்பது சேவிங் த்ரோவில்தான். ஆனால் பிடித்தவருக்கு அத்லெட்டிக்ஸ் எக்ஸ்பர்ட்டீஸ் இருந்தால், தப்பிக்கப் பார்ப்பவர் நிலையான எண்ணுக்கு எதிராக உருட்டாமல் அவருடைய அத்லெட்டிக்ஸ் ரோலுக்கு எதிராக உருட்ட வேண்டும். டிராகனைப் பிடிப்பது கடினமாகவே இருக்கிறது. பிடித்துவிட்டால் அது உதறிக்கொண்டு போவதும் அதே அளவு கடினம். இரண்டு பகடை ஒன்றாக உருளும் அந்த நொடியும் மேசைக்குத் திரும்பிவிட்டது. எக்ஸ்பர்ட்டீஸ் எடுத்த கேரக்டர் உங்கள் குழுவில் யாராவது ஆடினால் இதைச் சேர்த்துப் பாருங்கள்.