குளிரில் மஞ்சளான செடிக்கு ‘மருந்து’ விற்கிறார்கள், உஷார்

டெல்லி, நொய்டா பக்கம் பால்கனியில் கறிவேப்பிலை இல்லாத தமிழ் வீடு குறைவு. டிசம்பர் கடைசியில் அது மஞ்சளாகி இலை கொட்ட ஆரம்பித்ததும், ‘வீட்டுக்கே வந்து செடியைக் குணப்படுத்துகிறோம்’ என்று ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். அப்படி ஒருவரிடம் எனக்கு 2,800 ரூபாய் போனது, கூடவே ஏழு வருடச் செடியும். யார் என்று எழுதப் போவதில்லை. அக்கம்பக்கத்தில் வேறு ஆட்கள் வந்துபோன வீடுகளிலும் இதே கதைதான் என்பதால், செய்யும் முறையைச் சொல்கிறேன்.

வந்தவர் பால்கனிக் கதவருகே நின்றபடியே, “எல்லாத்துக்கும் பூஞ்சை, வேர் வரைக்கும் இறங்கிடுச்சு” என்றார். அங்கே இருந்தவை கறிவேப்பிலை, செம்பருத்தி, இட்லிப்பூ, குரோட்டன்ஸ். நான்குக்கும் ஒரே நோயாம்! மண்ணில் விரல் வைத்துப் பார்க்கவில்லை, ஓர் இலையைக்கூடத் திருப்பவில்லை, என்ன தண்ணீர் ஊற்றுகிறோம் என்றும் கேட்கவில்லை. நேராகக் கறிவேப்பிலையைத் தொட்டியிலிருந்து பிடுங்கி வேரை நறுக்க ஆரம்பித்தார். “பனிக்காலத்துல வேர்ல கை வைக்கலாமாப்பா?” என்று அம்மா கேட்டதை நான் இந்தியில் சொன்னேன். “இது புது டெக்னிக், ஆன்ட்டி” என்று பதில். அப்புறம் எல்லாத் தொட்டியிலும் கைப்பிடி கைப்பிடியாக டிஏபி உரம் போட்டு, லேபிளே இல்லாத பாட்டிலிலிருந்து ஏதோ ஒரு திரவத்தைக் கலந்து ஊற்றிவிட்டு, தினமும் தண்ணீர் விடச் சொல்லிப் போனார்.

பொங்கல் வருவதற்குள் கறிவேப்பிலையின் தண்டு அடியிலிருந்து கறுத்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தால் அழுகல் நாற்றம். ஃபோன் செய்தபோது, “மாதாந்தர பேக்கேஜ் எடுத்திருந்தா பிழைச்சிருக்கும்” என்றார். செத்த செடிக்கும் பேக்கேஜ்!

உண்மையில் அந்த நான்கு செடிகளுக்கும் நான்கு வேறு காரணம். ஜனவரியில் இங்கே விடியற்காலை 5, 6 டிகிரிக்கு இறங்கும். கறிவேப்பிலை வெப்ப மண்டலத்துச் செடி. 10 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சியை நிறுத்தி, பழைய இலைகளை மஞ்சளாக்கி உதிர்த்துவிடும். அது நோயே அல்ல. அப்போது வேர் தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும், அதனால் தினமும் ஊற்றினால் அழுகத்தான் செய்யும். மேல் மண் இரண்டு விரல் ஆழம் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். வேரை வெட்டுவது, தொட்டி மாற்றுவது எல்லாம் ஹோலியை ஒட்டி வெயில் ஏறிய பிறகுதான்.

இட்லிப்பூவில் கொழுந்து இலைகள் மட்டும் வெளுத்து, நரம்புகள் பச்சையாகவே இருந்தன. இது இரும்புச்சத்துக் குறைபாடு. எங்களுக்கு வருவது உப்புத் தண்ணீர், அது மண்ணைக் காரத்தன்மை (அமிலத்துக்கு நேர் எதிர்) உள்ளதாக்கிவிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது, குளிர் வேறு வேரை மந்தமாக்கும். இந்த லட்சணத்தில் டிஏபி போட்டால் அதிலுள்ள 46 சதவீதப் பாஸ்பேட் இரும்பை இன்னும் கட்டிப்போடும். தேவைப்பட்டது ஒரு சின்னப் பாக்கெட் இரும்புச் செலேட் (வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் இருக்கும் இரும்பு), அவ்வளவுதான்.

குரோட்டன்ஸில் வடக்குக் காற்று படும் பக்கத்து இலைகள் மட்டும் பழுப்பாகியிருந்தன, அது குளிர் சுட்டது. செம்பருத்திக்கு அடி இலைகள்தான் மஞ்சளாகியிருந்தன, குளிர்காலத்தில் அது சகஜம். உரம் போட்டதற்கு அப்புறம்தான் அதன் இலை ஓரங்கள் கருகின.

ஆகவே யாராவது வந்தால், மஞ்சள் முதலில் எங்கே வந்தது, புது இலையிலா பழைய இலையிலா என்று அவர் கேட்கிறாரா பாருங்கள். பூஞ்சை என்றால் எந்த இலையில், எந்தப் புள்ளி என்று காட்டச் சொல்லுங்கள். சும்மா ஒரு சீராக மஞ்சளானதைக் காட்டிப் பூஞ்சை என்றால், கதவைத் திறந்துவிட்டு வழியனுப்புங்கள்.

லேபிள் இல்லாத பாட்டிலைத் தொட்டிப் பக்கமே விடாதீர்கள். பூஞ்சைக்கொல்லியும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள்தான் வருகிறது. பதிவு எண்ணும், நச்சின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணமும் லேபிளில் இருக்க வேண்டும். சமையலுக்குப் பறிக்கும் கறிவேப்பிலையில் பெயர் தெரியாத மருந்தை ஊற்றிவிட்டுப் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பில் கேட்டேன், தரவில்லை. யுபிஐயில் கட்டிய பதிவையும் வாட்ஸப் பேச்சையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். நீங்களும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.