ஐபிவி4-ஐ வீட்டில் எங்கே வைத்துக்கொள்வது?

இணையத்தில் கருவிகளுக்குத் தரும் முகவரி முறைகளில் பழையது ஐபிவி4, புதியது ஐபிவி6. வீட்டு வலையமைப்பை முழுக்க ஐபிவி6-க்கு மாற்றிவிட்டால் பழைய ஐபிவி4 தொலைந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. வெளியே ஐபிவி4-இல் மட்டுமே இயங்கும் தளங்கள் ஏராளமாக இருக்கும்வரை அது தொலையாது. அதை ஒவ்வொரு கருவியிலும் வைத்துக்கொள்வதா, ரவுட்டரோடு நிறுத்திவிடுவதா என்பதே நம் முன்னுள்ள தேர்வு.

இரண்டு முகவரிகளையும் எல்லாக் கருவிகளுக்கும் கொடுக்கும் இரட்டை அடுக்கு முறையில் எதுவும் நின்றுபோவதில்லை. அதுவே அதன் குறையும்கூட. உலாவி இரண்டு வழிகளையும் முயன்று முந்தி இணைவதைப் பிடித்துக்கொள்வதால், ஐபிவி6 மாதக்கணக்கில் பழுதாகிக் கிடந்தாலும் வீட்டில் எவருக்கும் தெரியாது. ஃபயர்வால் விதிகளையும் இரண்டு முறை எழுத வேண்டும்.

ஐபிவி6 மட்டும் என்ற முறையில், ரவுட்டரிலோ சேவை நிறுவனத்திடமோ நேட்64 என்னும் மொழிபெயர்ப்பி இருக்க வேண்டும். ஒரு தளத்துக்கு ஐபிவி6 முகவரி இல்லையென்றால், அதன் 32 பிட் பழைய முகவரியை 96 பிட் முன்னொட்டின் (முகவரியின் முற்பகுதியின்) பின்னால் ஒட்டி, 128 பிட் முகவரி ஒன்றை, தளத்தின் பெயருக்கு முகவரி தேடித்தரும் சேவையான டிஎன்எஸ்64 உருவாக்கித் தருகிறது. அந்த முகவரிக்கு வரும் பொட்டலங்களை நேட்64 ஐபிவி4-க்கு மாற்றி அனுப்புகிறது. தளத்தின் பெயரைக் கேட்காமல் ஐபிவி4 எண்ணையே நேரடியாக அழைக்கும் செயலி இங்கே தடுக்கி விழும். ஆண்ட்ராய்டு 4.3 முதல் கருவிக்குள்ளேயே இருக்கும் கிளாட் என்ற மாற்றி இதைச் சமாளிக்கிறது. ஆப்பிள் 2016 ஜூன் முதல், ஐபிவி6 மட்டுமுள்ள வலையிலும் செயலிகள் இயங்க வேண்டும் என்று விதித்ததால் ஐபோன்களிலும் தொல்லை குறைவு. ஆனால் விண்டோஸ் 10 மடிக்கணினிக்கு வைஃபையில் கிளாட் கிடையாது. முதல் நின்டெண்டோ ஸ்விட்ச், மலிவான வைஃபை பல்புகள், பழைய பிரிண்டர்கள் ஆகியவற்றுக்கோ ஐபிவி6 என்ற சொல்லே எட்டாது. கற்றுக்கொள்ள விரும்புவோர் இம்முறையைத் தனியொரு வைஃபை பெயரில் நடத்திப் பார்க்கலாம். குடும்பம் முழுவதையும் அதில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவது வழியை. 2020-இல் வெளியான ஆர்எஃப்சி 8925 என்ற இணையத் தரநிலை ஆவணத்தின்படி, ஐபிவி4 இல்லாமல் வாழத் தெரிந்த கருவி, முகவரி கேட்கும் டிஎச்சிபி கோரிக்கையிலேயே, ஐபிவி6 மட்டும் போதும் என்பதைக் குறிக்கும் 108-ஆம் விருப்பத்தையும் கேட்கிறது. சேவையகம் அதை வழங்கினால், அக்கருவி பழைய முகவரியை எடுத்துக்கொள்வதில்லை. அதைக் கேட்கத் தெரியாத பல்புக்கும் பிரிண்டருக்கும் வழக்கம்போல் ஐபிவி4 கிடைத்துவிடும். பட்டியல் போட்டு எந்தக் கருவியையும் பிரிக்க வேண்டியதில்லை. நேட்64 இதற்கும் தேவை என்பது உண்மைதான். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இயங்குதளம் ஏற்றிய ரவுட்டரில் ஜூல் என்ற கட்டற்ற மென்பொருள் அந்த வேலையைச் செய்யும், 108-ஐ, முகவரி வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் மென்பொருளின் அமைப்பில் ஒரே வரியில் சேர்த்துவிடலாம்.

எந்த வழியானாலும், சேவை நிறுவனம் தரும் முன்னொட்டின் நீளத்தை முதலில் பார்த்துவிட வேண்டும். 64 பிட் நீள முன்னொட்டு ஒன்றே ஒன்று மட்டும் கிடைத்தால் பல்புகளுக்கென்று தனி வலை பிரிக்க இடமிருக்காது. 56 பிட் நீள முன்னொட்டு கிடைத்தால் 256 வலைகள் வரை பிரிக்கலாம்.