கேம் கணக்கு கசிந்த செய்தி வந்ததா? அடுத்து வரும் போனை நம்பாதீர்கள்

கதையைப் பிறகு படிக்கலாம், விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஆடும் ஆன்லைன் கேமில் பயனர் விவரங்கள் கசிந்ததாகத் தகவல் வந்தால், அடுத்த சில நாளில் உங்களுக்கு ஒரு போன் வரலாம். பேசுகிறவன் உங்கள் பெயரைச் சரியாகச் சொல்வான். ரீஃபண்ட் என்பான். மரியாதை பார்க்காமல் கட் பண்ணிவிடுங்கள். நான் பார்த்தேன். 9,200 ரூபாய் போனது. இன்னொரு 9,200 போகிற வழியில் நின்றது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அடுத்தவன் பில்லில் ஐம்பது பைசா பிசகினாலும் கண்டுபிடிக்கிற வேலை. இதையும் சேர்த்தே படியுங்கள், ஏமாறுவதற்குப் படிப்பறிவு இல்லாதவனாக இருக்க வேண்டியதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அக்கா மகனோடு ஒரு மணி நேரம் கேம் ஆடுவேன். அவன் அவிநாசியில், பிளஸ் டூ. மாதச் சந்தா 799 என் கார்டில் போகும். கேம் கம்பெனியின் பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் கூப்பிட்டான். "மாமா, உள்ளயே போக மாட்டேங்குது. உங்களுக்குப் போகுதா?"

எனக்கும் போகவில்லை. திரையில் 'பராமரிப்புப் பணி நடக்கிறது' என்று ஒரு ஸ்பேனர் படம். சனியும் அதே ஸ்பேனர், ஞாயிறும் அதே. சேர்ந்து ஆடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒப்பாரி. ரேங்க் போய்விடும் என்று ஒருவர், சீசன் பாஸுக்கு நாளை நீட்டிப்பார்களா என்று ஒருவர். எதற்காக மூடினார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும்தான்.

புதன்கிழமைதான் மெயில் வந்தது. அதுவும் விளம்பர மெயில்கள் போய் விழுகிற இடத்தில், ஒரு தள்ளுபடி அறிவிப்புக்குக் கீழே. நாலு பத்தி ஆங்கிலம். முதல் இரண்டு பத்தியும் எங்கள் மேல் அவர்களுக்கு உள்ள அக்கறையைப் பற்றி. மூன்றாவதில் சமாச்சாரம்: சிலருடைய பெயர், மெயில், போன் நம்பர், 'கட்டணம் தொடர்பான சில விவரங்கள்' அனுமதியின்றிப் பார்க்கப்பட்டிருக்கலாம், ஊடுருவல் தெரிந்ததும் வெள்ளிக்கிழமையே சர்வரை நிறுத்திவிட்டோம். அப்படியானால் வெள்ளியிலிருந்து புதன் வரை அந்த ஸ்பேனருக்கு என்ன அர்த்தம்? இப்படி ஒரு ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022-லேயே உத்தரவு இருக்கிறது. எனக்குச் சொல்ல ஐந்து நாள்.

இனி ஜனங்கள் சொன்னதைக் கேளுங்கள். குழுவில் ஒருவர், "நம்ம டேட்டாவ வச்சு என்ன பண்ணப் போறான், நம்ம கடனைக் கட்டப் போறானா?" என்றார். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. "கேமுக்குக் கார்டு போட்டவன் முட்டாள்" என்று இன்னொருவர். ஆபீசில் சொன்னபோது மேனேஜர் தகவல் கசிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்த வயசுல கேம் ஆடறீங்களாக்கும்?" என்றார். பறிகொடுத்தவனைத்தான் எல்லாரும் விசாரித்தார்கள். கதவைத் திறந்து போட்டவனை யாரும் விசாரிக்கவில்லை.

2011-ல் நானும் இப்படித்தான் சிரித்தேன். அப்போது கல்லூரி. சோனியின் ஆன்லைன் கேம் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கை ஏப்ரல் 20 அன்று மூடினார்கள். ஆட்களின் விவரங்கள் போய்விட்டன என்று சொன்னது ஏப்ரல் 26-ல். சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகள். பெயர், முகவரி, பிறந்த தேதி, பாஸ்வேர்டு எல்லாம். அமெரிக்காவில் செனட்டர் ரிச்சர்ட் புளூமென்தால், ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்டு அன்றைக்கே கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். மறுநாளே கலிபோர்னியாவில் வழக்கு. என்ன போயிருக்கிறது என்று நிபுணர்களை வைத்துப் பார்க்கவே அத்தனை நாள் ஆனது என்பது கம்பெனியின் பதில். மே 1 அன்று டோக்கியோவில் சோனியின் கேம் பிரிவுத் தலைவர் கசுவோ ஹிராயும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் கேமராக்களுக்கு முன் தலைகுனிந்து நின்றார்கள். மறுநாளே, சோனியின் இன்னொரு கேம் பிரிவில் 2 கோடியே 46 லட்சம் கணக்குகள் போயிருக்கலாம் என்று அடுத்த அறிவிப்பு.

ஆனால் பெரும்பாலான ஆட்டக்காரர்களின் கோபம் வேறு. நெட்வொர்க் மூடிய வாரத்தில்தான் போர்ட்டல் 2, மார்ட்டல் காம்பாட் என்ற இரண்டு கேமும் வெளிவந்திருந்தன. காசு கொடுத்து வாங்கியதை ஆன்லைனில் ஆட முடியவில்லையே என்ற கோபம். மூன்று வாரத்துக்கு மேல் ஆகி, மே நடுவில் படிப்படியாகத் திறந்தார்கள். ஐந்து கேமில் இரண்டை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கூச்சல் பாதி அங்கேயே அடங்கிவிட்டது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2,50,000 பவுண்டு அபராதம் போட்டபோது 2013 ஜனவரி ஆகிவிட்டது. நம் ஊரில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது, 250 கோடி வரை அபராதம் என்கிறது. அந்த அபராதமும் போய்ச் சேருவது அரசுக் கஜானாவுக்கு. ஏமாந்தவன் பாக்கெட்டுக்கு இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

மெயிலைப் பார்த்ததும் கேம் பாஸ்வேர்டை மாற்றினேன். பெரிய வேலை முடித்த நிம்மதி. என் மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான் என்பது மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு, வேறெங்கிருந்தோ யாரோ உள்ளே வரப் பார்க்கிறார்கள் என்று எச்சரிக்கை வந்தபோதுதான் உறைத்தது. அதையும் மாற்றினேன். கார்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. காரணம் இருந்தது: 2022 அக்டோபரிலிருந்து கடைக்காரர்கள் நம் முழு கார்டு நம்பரை வைத்திருக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நம்பருக்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்றுக் குறியீடுதான் இருக்கும், கூடவே கடைசி நாலு இலக்கமும் வங்கியின் பெயரும். 'நாலு இலக்கத்தை வைத்து நாக்கா வழிக்க முடியும்?' என்று இருந்துவிட்டேன்.

அந்த நாலு இலக்கம் என்ன செய்யும் என்பதை வெள்ளிக்கிழமை மதியம் பார்த்தேன். சாப்பாட்டு டிபனைத் திறந்து வைத்திருக்கிறேன், போன். "சார் வணக்கம், தகவல் கசிவால் பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு தர்ற டீம்ல இருந்து பேசறோம்." தெளிவான தமிழ். என் பெயர், கேமில் நான் வைத்திருக்கும் பட்டப்பெயர், போன மாதம் 799 ரூபாய் எடுத்த தேதி, வங்கி, கார்டின் கடைசி நாலு இலக்கம், ஒன்று தப்பாமல் சொன்னான். இதெல்லாம் கம்பெனிக்கு மட்டும்தானே தெரியும்? அந்த நினைப்பில்தான் விழுந்தேன். கம்பெனிக்கு மட்டும் தெரிந்த எல்லாமும் ஒரு வாரம் முன்பே வெளியே போய்விட்டது என்றுதான் அந்த மெயிலே வந்தது. படித்தவன் நான்தான்.

சந்தாவைத் திருப்பித் தருகிறோம் என்று ஒரு லிங்க் அனுப்பினான். அதே நிறம், அதே லோகோ, அந்த ஸ்பேனர் படம்கூட இருந்தது. கார்டு நம்பர் போடச் சொன்னது, போட்டேன். பின்னால் இருக்கும் மூன்று இலக்கமும். ஓடிபி வந்தது. போனின் மேல்பட்டையில் எட்டிப் பார்க்கிற அந்தக் குறுஞ்செய்தியில் கண் ஆறு இலக்கத்தை மட்டும்தான் பொறுக்கி எடுக்கிறது. அதற்கு முன்னால் 'ரூ. 9,200 செலுத்த' என்று இருந்ததைச் சாயங்காலம்தான் படித்தேன். "நெட்வொர்க் ஸ்லோ சார், இன்னொரு ஓடிபி வரும்" என்றான். அதையும் போட்டேன். கையில் குழம்புச் சோறு, இடது கையால் தட்டுகிறேன்.

ரெண்டாவது டெபிட் மெசேஜ் வந்ததும் உடம்பு சில்லிட்டது. சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்தேன். மூன்றாவது முயற்சியில் எடுத்தார்கள், எடுத்த அம்மா பதறாமல் கேட்டு எழுதிக்கொண்டார். வங்கியில் கார்டை முடக்கினார்கள். இரண்டாவது தொகை ஒரு வாலட்டில் நிற்கும்போதே பிடித்துவிட்டார்கள். முதலாவது அதற்குள் கை மாறிப் போய்விட்டது. போன் வந்த அரை மணிக்குள் அடித்ததால்தான் பாதியாவது தேறியது. வெட்கப்பட்டுக்கொண்டு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தால் அதுவும் இல்லை.

முதல் தொகைக்கு வங்கி கைவிரித்துவிட்டது. ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதியைக் காட்டினார்கள். மூன்றாம் ஆளின் ஓட்டையால் பணம் போய், 3 வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை. ஆனால் ரகசியத்தைத் தானே கொடுத்திருந்தால், சொல்லும் வரை போனது அவர் தலையில். என் பங்கு தப்பு அது, மறுக்கவில்லை. கேம் கம்பெனியின் பதில்தான் வயிற்றெரிச்சல்: 'வெளியாட்கள் செய்யும் அழைப்புகளுக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை.' என் பட்டப்பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டு மூன்று மெயில் போட்டுவிட்டேன். மூன்றுக்கும் அதே வரி, அதே கமா.

சர்வர் திறந்த அன்று எல்லார் கணக்கிலும் 500 காயின் போட்டிருந்தார்கள். 'பெற்றுக்கொள்' என்று பெரிய பச்சை பட்டன். அதற்குக் கீழே எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி: இதை அழுத்தினால் புதிய விதிமுறைகளை ஏற்றதாகும். உள்ளே போய்ப் படித்தால், இனி எந்தத் தகராறும் சமரசத் தீர்ப்பாளர் முன்புதான், கோர்ட்டுக்குப் போக முடியாது. சோனியும் 2011 செப்டம்பரில் இதையேதான் செய்தது. கூட்டு வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக விதியை மாற்றி, வேண்டாம் என்பவர்கள் 30 நாளுக்குள் தபாலில் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்றது. எங்கள் குழுவில் அன்று ராத்திரி பேச்செல்லாம் 500 காயினுக்கு என்ன வாங்கலாம் என்பதுதான்.

மருமகன் பட்டனை அழுத்திவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டான். கேமில் அவன் ஆள் சிவப்புக் கம்பளிக் குல்லா மாட்டிக்கொண்டு நின்றான். சரியாக 500 காயின்.

"நல்லாருக்குல்ல மாமா? உங்க ஆளுக்கும் ஒண்ணு போடுங்க."

"எனக்கு ஏற்கெனவே போட்டுட்டாங்கடா மாப்ளே" என்றேன்.

"எப்போ? காணமே?" என்று திரையில் தேடினான்.