ஓல்ம் கட்டுரையும் இடம் மாறும் அடிக்குறிப்பும்: நீண்ட நாள் தொகுத்த அனுபவம்

பல்லி போன்ற உடலுள்ள இருவாழ்விகளான சாலமண்டர்களைப் பற்றி எழுத ஆசைப்படும் நண்பர் ஒருவர், இணையக் கலைக்களஞ்சியத்தின் தொகுப்புப் பக்கத்தை நம்பி இறங்கலாமா என்று கேட்டார். ஓல்ம் என்கிற குகைச் சாலமண்டரின் கட்டுரையை அங்கே வைத்துத்தான் சில ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். தொகு பொத்தான், வார்ப்புரு, மணல்தொட்டி எல்லாம் அவருக்கும் உங்களுக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். என்னை ஓயாமல் படுத்துவது ஒன்றுதான்: அடிக்குறிப்பு தன் வாக்கியத்தோடு நிற்பதில்லை.

ஓல்மின் ஆயுளை எடுத்துக்கொள்வோம். கட்டுரையிலேயே அதிகம் படிக்கப்படும் பத்தி அதுவாகத்தான் இருக்கும். பிரான்சில், பிரனீஸ் மலையடிவாரத்து மூலி என்ற ஊரில், ஒரு குகையை ஆய்வகமாக்கி 1950களிலிருந்து ஓல்ம்களை வளர்க்கிறார்கள். அங்கே பதிந்துவைத்த பிறப்பு, இறப்புக் கணக்கைக் கொண்டு 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வளர்ந்த ஓல்மின் சராசரி ஆயுள் 68.5 ஆண்டு. பருவமடையவே 15 ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஏறக்குறைய 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் முட்டையிடுகிறது. உச்ச ஆயுள் 100 ஆண்டைத் தாண்டும் என்பது அந்தக் கணக்கிலிருந்து வந்த கணிப்பு. 15 முதல் 20 கிராம் எடையுள்ள ஓர் உயிருக்கு இவ்வளவு நீண்ட வாழ்வா என்பதுதான் ஆய்வாளர்களுக்கே வியப்பு.

இதை நான்கு வாக்கியமாக எழுதி, கடைசியில் அடிக்குறிப்பு வைத்திருந்தேன். யாரோ ஒருவர் நான்காவது வாக்கியத்துக்கும் அடிக்குறிப்புக்கும் நடுவில் "உணவின்றிப் பத்தாண்டு வாழும்" என்று ஒரு வரியைச் செருகினார். அந்த ஆய்வு பட்டினியைப் பற்றியதே அல்ல. ஆனால் பக்கத்தைப் பார்க்கிறவருக்கு அந்த வரிக்கும் அதே ஆய்வுதான் சாட்சி. அடுத்து வந்த இன்னொருவர் பத்தியைச் சுருக்குகிறேன் என்று கணிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டார். 100 ஆண்டு உறுதியான உண்மையாகிவிட்டது. 1950களில் தொடங்கிய வளர்ப்பில் நூறு வயது ஓல்மை யார் பார்த்திருக்க முடியும்?

செருகியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் ஆசையோடு வந்தவர்தான். கோபமெல்லாம் கருவி மேல். எந்த வாக்கியத்துக்கு எந்தச் சான்று என்று கட்டிப்போட அதில் வழியே இல்லை. நிரலைக் காட்டாமல் பக்கத்தை அதன் தோற்றத்திலேயே திருத்தவிடும் காட்சித் தொகுப்பியில் ஒரு மேற்கோளை, அதாவது அடிக்குறிப்பில் வரும் சான்றை, இரண்டாம் முறை பயன்படுத்தினால் அது தானாகவே முக்காற்புள்ளியும் சுழியமுமாக ஒரு பெயர் வைத்துவிடும். அடுத்ததற்கு முக்காற்புள்ளியும் ஒன்றும். அந்தப் பத்தியை அப்படியே சாலமண்டர் பொதுக்கட்டுரைக்கு எடுத்துப் போனால் அங்கேயும் அதே பெயரில் வேறொரு மேற்கோள் உட்கார்ந்திருக்கும். ஓல்மின் ஆயுளுக்கு வேறேதோ தவளை நூல் சான்றாகிவிடும். எடுத்துப் போன பத்தியில் மேற்கோளின் முழு விவரம் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. இதைச் சரிசெய்ய மூல நிரலுக்குள் போய் ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஆசிரியர், ஆண்டு என்று கையால் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. எத்தனை முறை வைத்தாலும் அடுத்து வருகிறவர் புதிதாக ஒரு சுழியத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறார்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். அதே பக்கத்தின் பழைய பதிப்புகளைத் திறந்து காட்டும் வரலாறு தத்தலைப் போல ஒரு வசதியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போன சொல்லையும் வந்த சொல்லையும் நிறம் போட்டுக் காட்டுகிறது. கணிப்பு என்ற சொல் எந்தத் தொகுப்பில் காணாமல் போனது என்று நிமிடத்தில் பிடித்துவிடலாம். கட்டுரை வளர்ந்த விதத்தை அதில் பின்னோக்கிப் படிப்பது எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை. ஓல்ம் டிராகனின் குட்டி என்று மக்கள் நம்பியதாக 1689இல் வால்வசோர் என்ற அறிஞர் எழுதிவைத்த செய்தி ஒரு நாள் வந்து சேர்ந்தது. ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகைக் காட்சித் தொட்டியில் 2016 ஜனவரி இறுதியில் முதல் முட்டை இடப்பட்டு, மே இறுதியில் குஞ்சு வெளிவந்த செய்தி இன்னொரு நாள். 2020இல், போஸ்னியா நாட்டின் கிழக்கு ஹெர்செகோவினா குகையொன்றில் 2,569 நாள் ஒரே இடத்தில் கிடந்த ஓல்மைப் பற்றிய ஆய்வு வந்தபோது, முகம் தெரியாத மூன்று நான்கு பேர் ஒரே பத்தியை மாறி மாறிச் செதுக்கினார்கள். ஏழாண்டு அசையவே இல்லை என்று முதலில் இருந்தது. அது இடைவிடாத கண்காணிப்பு அல்ல, குறிபோட்டு விட்டு மறுபடி மறுபடி போய்ப் பார்த்த கணக்கு. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் இருந்தது என்று கடைசியில் திருந்தியது. அந்தத் திருத்தம் நான் செய்ததல்ல. அதைப் படித்த அன்று மனசு நிறைந்துபோனது.

படங்களைப் பற்றி ஒரு வரி போதும். தரம் குறைவில்லை, உரிமக் குறிப்பும் ஒழுங்காக இருக்கிறது.

இத்தனை பாராட்டியும் என் பதில்: இப்போது வேண்டாம். போன வாரம்தான் ஆயுள் பத்தியின் அடிக்குறிப்பு மறுபடி இடம் மாறிக் கிடந்ததைப் பார்த்தேன். அந்த எரிச்சலோடுதான் சொல்கிறேன் என்று நண்பருக்கும் சொல்லிவிட்டேன். தன் எழுத்தைச் சான்றோடு சேர்த்துக் காக்க நினைக்கிற புதியவரை இந்தக் கருவி சீக்கிரம் சோர வைத்துவிடும்.

அப்புறமும் இறங்கியே தீருவேன் என்றால் கருப்பு ஓல்ம் பகுதியை எடுத்துக்கொள்ளட்டும். 1986இல் ஸ்லோவேனியாவின் தென்கிழக்கே பேலா கிராயினாவில், டொப்லிச்சித்சா ஊற்றின் பக்கம் அது கண்டுபிடிக்கப்பட்டது. 1994இல் தனித் துணையினமாக விவரிக்கப்பட்டது. வெள்ளை ஓல்மைவிடத் தலை குட்டை, கண் நன்றாகவே வளர்ந்தது. இவ்வளவு இருந்தும் கட்டுரையில் அதற்கு இரண்டே வரி. எழுதும்போது பத்தி முடிவில் ஓர் அடிக்குறிப்பு என்று வைக்காமல், எண் வருகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனித்தனியாக வைக்கட்டும். பார்க்க நெரிசலாக இருக்கிறது என்று உரையாடல் பக்கத்தில் யாராவது குறைப்பட்டால் என்னைக் கூப்பிடட்டும், நான் வந்து பேசுகிறேன்.