ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்தபின்

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் 200 லிட்டர் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் ஓடுகிறது. சாதா ஹீட்டரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம், அவ்வளவுதான். இது ஃபிரிட்ஜைத் திருப்பிப் போட்ட மாதிரி. வெளிக்காற்றின் வெப்பத்தைக் குளிர்பதன வாயு உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடேற்றும். அந்தச் சூடு தொட்டித் தண்ணீரில் இறங்கும்.

தனி மீட்டர் மாட்டி அளந்தேன். முழுத் தொட்டி 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு வர 2.4 யூனிட் ஆனது. கணக்குப்படி அதற்கு வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 7 யூனிட். மிச்சம் காற்று கொடுத்தது! நம்பிக்கை வராமல் இன்னொரு நாளும் அளந்தேன், அதே கணக்குதான்.

முதல் மாதம் மட்டும் இப்படி இல்லை. பொருத்த வந்தவர் 65 டிகிரி வைத்து, உள்ளே துணைக்கு இருக்கும் ஹீட்டிங் ராடையும் ஆன் செய்துவிட்டுப் போய்விட்டார். ஹீட் பம்ப் வாங்கிவிட்டு சாதா ஹீட்டரை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். இப்போது ராடு ஆஃப். வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரும் என்பதால், வாரத்தில் ஒரு நாள் மட்டும் 60 டிகிரிக்கு மேல் ஏற்றுகிறேன்.

நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால் என்ன லாபம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அனல் மின் நிலையத்தில் எரியும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அங்கே போன இரண்டு பங்கை இந்த இயந்திரம் காற்றிலிருந்து மீட்டுத் தருகிறது. மின்சாரம் சுத்தமாக ஆக ஆக இதன் உமிழ்வும் தானாகக் குறையும். கேஸ் பாய்லருக்கு அந்த வழியே கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது டைமர். மூன்றரை மணி நேரம் ஆகும் வேலையை நண்பகலில் வைத்துவிட்டேன். 2050-க்குள் நிகர பூஜ்ஜியத்தை, அதாவது வெளிவிடும் கார்பனும் திரும்ப அகற்றும் கார்பனும் சமமாகும் நிலையை, எட்டும் பாதை என்று சர்வதேச எரிசக்தி முகமை 2021-இல் போட்ட திட்டத்தில், மின்சாரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் சூரியனும் காற்றும் தர வேண்டும். அப்படியானால் வெயில் நேரத்து மின்சாரத்தை எங்காவது சேர்த்து வைத்தாக வேண்டும். சுடுதண்ணீர்த் தொட்டி அதற்கு நல்ல இடம். காலை வரை சூடு நிற்கிறது. எண்ணெய், கேஸ் பாய்லர்களின் புது விற்பனையை 2025-இலேயே நிறுத்த வேண்டும் என்றும் அதே திட்டம் சொன்னது. இன்னும் விற்றுக்கொண்டிருப்பதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. கம்ப்ரசர் சத்தம் படுக்கையறைச் சுவருக்கு ஆகாது. காற்றோட்டமான இடமும், சொட்டும் தண்ணீர் போக ஒரு குழாயும் வேண்டும். குளிர் நாளில் மின்சாரம் கூடுதலாக இழுக்கும்.

அப்புறம், வாங்கும்போது லேபிளில் குளிர்பதன வாயு எது என்று பாருங்கள். ஆர்-134ஏ கசிந்தால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் சூடேற்றும். எங்களுடையது ஆர்-290, அதாவது புரொப்பேன்; அந்தக் கெடுதல் மிகக் குறைவு, ஆனால் தீப்பற்றும். பழகிய ஆளை வைத்தே பொருத்துங்கள். அவர் கிளம்பும் முன் ராடு ஆஃபில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.