ஈய எழுத்தா, ஊசி நூலா, லினோவா: என் ஞாயிற்றுக்கிழமைக்கு எது சரிப்படும்?

மாதக் கடைசியில் அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் மூன்று நாள்களும் எனக்கு ஒரே பகற்கனவுதான். ஒரு மாடி அறை. சன்னலோரம் டிரெடில் அச்சு இயந்திரம். நான் காலால் மிதிக்க மிதிக்க அது வாயைத் திறந்து மூடுகிறது, தாளைக் கொடுத்துக் கொடுத்து எடுக்கிறேன். அப்புறம் அச்சான பாரங்களை, அதாவது பல பக்கம் சேர்ந்த தாள்களை, மடித்து, தைத்து, அட்டை கட்டிப் புத்தகமாக்குகிறேன். அந்தக் கனவில் எனக்கு மூட்டுவலி கிடையாது, வீட்டுக் கடன் கிடையாது, மாடி அறையும் இருக்கிறது.

நிஜத்தில் என்னிடம் இருப்பது இரண்டு படுக்கையறை வீடு, ஒரு சாப்பாட்டு மேசை, ஞாயிறு மதியம் இரண்டரை மணி நேரம். இதற்குள் அடங்குவது எது என்று கொஞ்ச காலமாக அலசிக்கொண்டிருக்கிறேன். ஈய எழுத்து அச்சு, கையால் பைண்டிங், லினோ என்கிற லினோலியத்தைச் செதுக்கி அச்சடிப்பது என மூன்றுதான் கடைசிச் சுற்றுக்கு வந்தன. செலவையும் அழகையும் பார்க்கத்தான் செய்தேன். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஆசை வந்ததும் வேலையில் கை வைக்க எத்தனை நிமிடம் ஆகும்? முடித்தபின், ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேசையை ஒழித்துக்கொடுக்க எத்தனை நிமிடம் ஆகும்?

முதலில் ஈய எழுத்து. பள்ளியில் படிக்கும்போது அக்காவின் கல்யாணப் பத்திரிகைக்காக அப்பாவோடு ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தேன். எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டர் இடது கையில் ஸ்டிக் என்ற சிறு தட்டைப் பிடித்துக்கொண்டு, எழுத்துகளை அறை அறையாகப் போட்டிருக்கும் கேஸைப் பார்க்காமலே எழுத்துகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் பெயர் வந்தபோது மட்டும் கை நின்றது. "மூணு சுழியா, ரெண்டு சுழியா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டார். அப்பா விழித்தார். அந்த மண்ணெண்ணெய், மை வாசனை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

இந்தக் கனவுக்கு உரம் போடும் கதைகளும் நிறைய. 1917இல் எழுத்தாளர் தம்பதி வர்ஜீனியா வுல்ஃபும் லெனார்ட் வுல்ஃபும் லண்டனை அடுத்த ரிச்மண்டில் ஒரு சிறு கை அச்சு இயந்திரத்தையும் எழுத்துகளையும் 19 பவுண்டு 5 சில்லிங் 5 பென்ஸுக்கு வாங்கினார்கள். அச்சுப் பள்ளியில் சேரப் போனபோது, தொழிலில் பயிற்சிக்கு இருப்பவர்களுக்குத்தான் இடம் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். கூட வந்த சிறு கையேட்டை வைத்தே இருவரும் கற்றுக்கொண்டார்கள். லெனார்டுக்குக் கை நடுக்கம் இருந்ததால் எழுத்துக் கோர்ப்பு வர்ஜீனியாவின் பொறுப்பு, அச்சடிப்பது லெனார்டின் பொறுப்பு. அந்த ஆண்டு ஜூலையிலேயே முதல் சிறு நூல் வந்துவிட்டது, சுமார் 150 படிகள். இயந்திரத்தை முதலில் வைத்திருந்த இடம் எது தெரியுமா? சாப்பாட்டு மேசை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் அவர்கள் கோர்த்தது ஆங்கிலம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து எல்லாம் சேர்த்து 52 வடிவம், மேலே எண்களும் நிறுத்தக்குறிகளும், அவ்வளவுதான். தமிழுக்கு ஒரு நாள் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, புள்ளி வைத்த மெய் 18. இகர, ஈகாரக் கொக்கிகள் எழுத்தோடு ஒட்டியே இருப்பவை, அதனால் 36. உகர, ஊகாரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுபவை, அதற்கு 36. தனியே நிற்கும் துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு நான்கு. ஆக 125. கிரந்தமும் எண்களும் தனி. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு என்றால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் பழைய ஒட்டு வடிவங்களுக்கும் கேஸில் இடம் விட வேண்டும். வடிவத்துக்கு ஒன்று இருந்தாலும் போதாது. க், ம், ன் எல்லாம் ஒரு பத்திக்குள் தீர்ந்துபோகும்.

சரி, எழுத்து கிடைக்குமா? ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்த அந்த எழுத்துகள் ஆஃப்செட் அச்சு வந்தபின் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டன. டிரெடில்கள் பழைய இரும்பாகப் போயின. தப்பிய ஒன்றைத் தேடிப் பிடித்தாலும் அதன் எடை அரை டன் பக்கம் இருக்கும், எங்கள் லிஃப்ட் அதைத் தாங்காது. மேசைமேல் வைக்கும் சிறிய ரகங்கள் உண்டு. இங்கிலாந்தின் அடானா 8க்கு 5 இன்றும் பொழுதுபோக்காக அச்சடிப்பவர்களின் செல்லப் பிள்ளை. அதை வரவழைத்தாலும் தமிழ் எழுத்து வேண்டுமே. ஒளியில் இறுகும் பாலிமர் தகடு செய்து அதை வைத்து அச்சடிக்கலாம்தான். தாளில் எழுத்து பதிந்த குழி அழகாகவே வரும். ஆனால் கணினியில் தட்டச்சு செய்து தகட்டை வெளியே கொடுத்து வாங்குவதென்றால், எழுத்தை விரலால் பொறுக்கும் சுகம் எங்கே இருக்கிறது?

கனவு காண்பவர்கள் யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அச்சடித்து முடித்ததும் ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் பிரித்துப் போட வேண்டும். கோர்க்க ஒரு ஞாயிறு, பிரிக்க இன்னொரு ஞாயிறு. ஈயத்தைத் தொட்ட கையோடு பஜ்ஜி சாப்பிடவும் கூடாது. என் மேசைக் கணக்கில் இது படுதோல்வி.

இந்தத் தோல்வியில் எனக்கு ஆறுதலாக இருப்பவர் காப்டன்-சாண்டர்சன். லண்டன் வழக்குரைஞர். 1883 வாக்கில், 42 வயதில், கைவினைக் கலைஞர் வில்லியம் மோரிஸின் மனைவி ஜேன் சொன்ன யோசனையைக் கேட்டு வக்கீல் தொழிலை விட்டுப் பைண்டிங் கற்கப் போனார். டவ்ஸ் அச்சகத்தைத் தொடங்கியது 1900இல். முதலில் ஊசி நூல், பதினேழு வருடம் கழித்துத்தான் ஈய எழுத்து. எனக்கு ரொம்பப் பிடித்த வரிசை இது. முடிவுதான் விபரீதம். கூட்டாளியோடு சண்டை வந்து, அச்சகத்தின் அச்செழுத்து அந்தக் கூட்டாளியின் கைக்குப் போகக்கூடாது என்று 1916இலிருந்து இரவில் இரவில் நடந்துபோய், ஹேமர்ஸ்மித் பாலத்திலிருந்து தேம்ஸ் நதியில் கொட்டினார். ஒரு டன்னுக்கு மேல் உலோகம். 2014இல் முக்குளிப்பவர்களைக் கொண்டு தேடியதில் சுமார் 150 எழுத்துகள்தான் திரும்பக் கிடைத்தன.

லினோவைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அதில் மறைக்க எதுவும் இல்லை. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் செய்த தரைவிரிப்புத் துண்டு, இரண்டு மூன்று செதுக்குளி, ஒரு ரோலர், மை. இயந்திரம் வேண்டாம், தாளின் முதுகில் கரண்டியை அழுத்தித் தேய்த்தாலே பதிந்துவிடும். குளிர் நாடுகளில் லினோ இளகுவதற்குச் சூடு காட்டுவார்களாம். நம் ஊர்க் கத்திரி வெயிலில் மொட்டைமாடியில் ஐந்து நிமிடம் வைத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டும். உளிக்கு முன்னால் மட்டும் கையை வைக்கக்கூடாது. இதை எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் ஒருமுறையாவது வெட்டிக்கொள்வார்கள். என் இடது பெருவிரல் சாட்சி.

லினோவின் வம்பு கண்ணாடிப் பிம்பம். முதல் முயற்சியில் 'படம்' என்று செதுக்கினேன். ப திருப்பினாலும் கிட்டத்தட்ட ப மாதிரியே இருக்கும், அதனால் முதல் எழுத்து என்னை நன்றாக ஏமாற்றியது. ட வந்து காட்டிக்கொடுத்தது. படம் வரைந்து செதுக்க லினோ அருமை, இரண்டு சொல்லுக்கு மேல் எழுத்து வேண்டுமென்றால் பொறுமையைச் சோதிக்கும். அப்புறம் மை. எண்ணெய் மை ஆழ்ந்த கறுப்பாக விழும், ஆனால் காய நாள் பிடிக்கும். அதுவரை அந்தத் தாள்களை எங்கே தொங்கவிடுவது? துணிக்கொடியில் தொங்கவிட்டேன். வீட்டில் அது பற்றி நடந்த பேச்சுவார்த்தை இங்கே தேவையில்லை.

ஸ்கிரீன் பிரின்டிங்கையும் யோசித்தேன். கல்யாணப் பத்திரிகைக் கடைகளில் நமக்குப் பழகியதுதான். சென்னையின் தாரா புக்ஸ் கையால் ஸ்கிரீனில் அச்சடித்து, கையால் தைத்து வெளியிடும் புத்தகங்களைப் புரட்டும்போது மையின் தடிப்பு விரலில் தெரியும். ஆனால் அதை ஒரு பட்டறையே சேர்ந்து செய்கிறது. எனக்குச் சட்டத்தில் ரசாயனம் பூச இருட்டறை வேண்டும், பிறகு தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ இடம் வேண்டும். இரண்டும் சேர்ந்து இருப்பது குளியலறையில்தான், அதுவோ எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று.

மிச்சம் ஊசி நூல். உண்மையைச் சொன்னால், மூன்றில் எனக்குக் குறைவாகக் கனவு வந்தது இதைப் பற்றித்தான். பைண்டிங் என்றால் தேர்வுக்கு முன் கைடைக் கட்டி வாங்கும் கடை என்றே மனதில் இருந்தது.

வேண்டிய சாமான் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடங்கும். குத்தூசி, தடித்த ஊசி, நல்ல நூல், அதன்மேல் தேய்க்க ஒரு மெழுகுவத்தித் துண்டு, கட்டர், இரும்பு ஸ்கேல், பசை. மடிப்பை அழுத்த எலும்பில் செய்த பட்டை விற்கிறார்கள். நான் தேய்ந்த தேக்கரண்டியின் பின்பக்கத்தை வைத்தே ஓட்டுகிறேன். பசைக்கு ஃபெவிகால் போதும். ஆனால் அட்டை ஒட்ட நான் விரும்புவது பழைய மைதாப் பசையைத்தான். காய நேரம் எடுப்பதால் கோணலாக ஒட்டியதை நகர்த்திச் சரிசெய்யலாம். பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டர்கள் அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், அதனால் சமையல் பாத்திரம் பக்கம் போகவே கூடாது.

தையலிலும் போட்டி உண்டு. ஜப்பானிய நான்கு துளைத் தையல் ஒரு மணி நேரத்தில் கைவந்துவிடும். உதிரித் தாள்களையே அடுக்கிப் பக்கவாட்டில் குத்தித் தைப்பது அது. தாத்தாவின் கடிதங்களை நகலெடுத்துக் கட்ட அதுவே போதும். ஆனால் புத்தகம் முழுதாக விரியாது, உள்ளோரம் நிறைய விட வேண்டும். எகிப்தில் பழங்காலக் கிறித்தவர்கள் பயன்படுத்திய காப்டிக் தையலில் மடித்த பாரங்களைச் சங்கிலி சங்கிலியாகக் கோர்ப்பார்கள், முதுகுக்குப் பசையே வேண்டாம். மேசையில் அப்பளம்போல் தட்டையாகப் படுக்கும், அதனால் எழுதும் நோட்டுக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதுகில் தையல் வெளியே தெரிவதைச் சிலர் அழகு என்பார்கள், என் மாமியார் "இன்னும் முடிக்கலையா?" என்று கேட்டார். காலிகோ துணி ஒட்டிய கெட்டி அட்டை வேண்டுமென்றால் அது மூன்றாவது நிலை. அதற்குப் பொறுமையோடு, மேலே வைத்து அழுத்தக் கனமான பொருளும் வேண்டும், எங்கள் வீட்டில் அந்தக் கனம் அகராதி மூன்றும் இட்லி அரிசி மூட்டை ஒன்றும்.

யாரும் முதலில் சொல்லித்தராத பாடம் தாளின் இழை. இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையில் கிழித்தால் நேராகக் கிழியும், வளைத்தால் எளிதில் வளையும். புத்தகத்தில் அந்த இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். இது தெரியாமல் அட்டையைக் குறுக்கே வெட்டி ஒட்டிய என் முதல் நோட்டு, காய்ந்தபின் பொரித்த அப்பளம்போல் சுருண்டுகொண்டது. கைத்தாளில் இந்தத் தொல்லை குறைவு. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக் கைத்தாள் ஆலையின் பருத்தித் தாளை, அதிலும் வண்ணம் சுழித்த மார்பிள் தாளை, அட்டைக்குப் போட்டால் கத்துக்குட்டியின் வேலைகூடத் தேர்ந்த கை மாதிரித் தெரியும். அந்த ஏமாற்று வேலையை நான் தாராளமாகச் செய்கிறேன்.

என் இரண்டு கேள்விகளுக்கு வருவோம். டப்பாவைத் திறந்தால் வேலை தொடங்கிவிடும். பாதியில் விருந்தாளி வந்தால், ஊசியை அப்படியே செருகி அலமாரியில் வைத்துவிடலாம், அடுத்த ஞாயிறு அதே துளையிலிருந்து தொடரலாம். லினோவுக்கு எடுத்து வைக்கப் பத்து நிமிடம், மையைத் துடைத்துக் கழுவ அரை மணி. ஈய எழுத்துக்கு மாடி அறை. ஆகவே இப்போதைக்கு என் கட்சி பைண்டிங். உள்ளே முதல் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன லினோப் படம், அதில் எழுத்து கிடையாது. உங்களுக்குத் தனி அறையும் படம் வரையும் கையும் இருந்தால் லினோவைத்தான் முதலில் தொடச் சொல்வேன், ஒரே மதியத்தில் கையில் ஏதாவது இருக்கும்.

வீட்டில் ஒன்று மட்டும் முடியவில்லை. தைத்த பாரங்களின் ஓரத்தைக் கட்டரால் நேராக வெட்டுவது மகா கஷ்டம். ஆறு நோட்டுகளைச் சேர்த்துக் கடைவீதியில் ஒரு பைண்டிங் கடைக்கு எடுத்துப்போனேன். அங்கே இருந்த பெரியவர் ஒன்றை எடுத்துத் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு எத்தன நாள் ஆச்சு சார்?" ஐந்து வாரம் என்றேன். "எங்கிட்ட குடுத்திருந்தா சாயந்தரத்துக்குள்ள முடிச்சிருப்பேனே" என்று சொல்லிக்கொண்டே கட்டிங் இயந்திரத்தில் ஆறையும் அடுக்கி, சக்கரத்தைச் சுற்றி இறுக்கி, ஒரே இழுப்பில் வெட்டினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

கிளம்பும்போதுதான் மூலையில் அதைப் பார்த்தேன். சிறுசிறு அறைகள் தடுத்த மரத் தட்டு, ஓரமெல்லாம் மைக்கறை, பழைய கேஸேதான். விலைக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன்.

"அதெப்படி சார், போல்ட் நட்டெல்லாம் அதுலதான இருக்கு" என்றார்.