பழைய க்ளோ இஞ்சினா, ரெடிமேட் ஃபோமா, சொந்தமா வெட்டி ஒட்டுறதா? கொங்குப் பக்கம் மறுபடி ஆர்சி ப்ளேன் பறக்கவிடறவங்களுக்கு

காலேஜ் படிக்கறப்ப பால்சாங்கற லேசான கட்டையில, தரையிலருந்து ரேடியோ ரிமோட்டுல ஓட்டற ஆர்சி ப்ளேன் கட்டிப் பறக்கவிட்டுட்டு, அப்புறம் வேலை, கண்ணாலம், கொழந்தைங்கன்னு ஆகி எல்லாத்தையும் அட்டாளில ஏத்தி வெச்சவங்க நம்ம பக்கம் நெறைய பேர் இருக்காங்க, நானும் அதுல ஒருத்தன். இப்ப மறுபடி ஆசை வந்து எறக்கறப்ப எல்லாருக்கும் வர்ற கேள்வி ஒண்ணேதானுங்க. மெத்தனால் கலந்த எரிபொருள்ல ஓடற பழைய க்ளோ இஞ்சின் ப்ளேனையே தூசி தட்டி ஓட்டறதா, பொட்டியில ரெடியா வர்ற ஃபோம் ப்ளேன் வாங்கறதா, இல்ல ஷீட்டு வாங்கி நாமளே வெட்டி ஒட்டிக்கறதா? மூணையும் பறக்கவிட்டுப் பாத்தாச்சு. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு சுத்துவட்டாரத்துல இருக்கறவங்க மூணாவதுலதான் ஆரம்பிக்கோணும்ங்கறது என் முடிவு.

ப்ளேனைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி நம்மூரு காத்தைப் பத்திப் பேசியாகோணும். வைகாசி கடைசில ஆரம்பிச்சா புரட்டாசி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்கேருந்து அடிக்கிற காத்து சும்மா காத்தில்ல, அதை நம்பித்தான் பல்லடம், உடுமலை பக்கம் அத்தனை காத்தாலை நிக்குது. அந்த மாசங்கள்ல மத்த ஊர்க்காரங்க எழுதற அறிவுரை எதுவும் நமக்குப் பொருந்தாது. வெடியால ஆறரைக்கு விட்டா எட்டு எட்டரைக்குள்ள மூட்டை கட்டிரோணும், அதுக்கு மேல வெயில் ஏற ஏற தரைக்காத்தும் சேந்து குலுக்கும்.

அடுத்து எடம். பீளமேட்டுல ஏர்போர்ட்டு, சூலூர்ல தேஜஸ் போர்விமான ஸ்குவாட்ரன் இருக்கற விமானப்படைத் தளம், ரெண்டுக்கும் நடுவுல அவிநாசி ரோடு ஓரமா எங்கயும் நெனச்ச எடத்துல தூக்கி எறிய முடியாது. ஆர்சி ப்ளேனுக்கும் பொருந்தற 2021 ட்ரோன் விதிகள்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் போலாம், ஏர்போர்ட்டு சுத்துச்சுவத்துலேருந்து 8க்கும் 12 கிலோமீட்டருக்கும் நடுவுல 200 அடிதான், அதுக்கும் உள்ள வந்தா அனுமதி இல்லாம பேச்சே இல்ல. எங்க பறக்கலாம்னு காட்டற அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பாக்காம கெளம்பவே வேண்டாம், ராணுவ எடம் பக்கத்துல இருக்கறப்ப இதுல வெளையாட்டு கூடாது. அன்னூர் தாண்டியோ, காங்கேயம் பக்கமோ தெரிஞ்சவங்க காடு இருந்தா அதுதான் சொர்க்கம். பொள்ளாச்சி பாக்க நல்லாருக்கும், ஆனா எங்க திரும்புனாலும் தென்னந்தோப்பு, மட்டைக்குள்ள சிக்குனா ஆள் ஏத்தித்தான் எறக்கோணும்.

காங்கேயம் கொறங்காட்டுல, அதாவது மாடு மேயற புல்லு நெலத்துல, ஒரு வசதி, கொழுக்கட்டைப் புல்லு மேல வயித்தோட எறக்கலாம், மெத்தை மாதிரி தாங்கும். தொந்தரவு என்னன்னா சுத்தி கிளுவை வேலி, நடுவுல அங்கங்க வெள்வேல மரம், எல்லாமே முள்ளு. எந்த ப்ளேனை எடுத்துட்டுப் போனாலும் ஒரு நாள் முள்ளு குத்தித்தான் தீரும். அன்னிக்கி சாயங்காலமே அதைச் சரி பண்ண முடியுமா, இல்ல ஒரு மாசம் கெடப்புல போட வேண்டியதான்னு பாருங்க, நான் மூணையும் எடை போடறது இதை வெச்சுத்தான்.

இப்ப க்ளோ இஞ்சினுக்கு வருவோம், மனசு மொதல்ல ஓடறது அங்கதான். 40 சைஸ் ட்ரெய்னர் (பழகறதுக்கான ப்ளேன்), 46 இஞ்சின் (ரெண்டு நம்பரும் இஞ்சின் அளவு, 0.40, 0.46 கன அங்குலம்), எரிபொருள் அளவைக் கூட்டிக் கொறைக்கற நீடில் வால்வைத் திருகித் திருகி அந்தச் சத்தம் சுருதிக்கு வர்ற நேரம், எரிஞ்ச வெளக்கெண்ணெ வாசம், இதுக்கு ஈடா எலக்ட்ரிக்ல ஒண்ணுமே கெடையாதுங்க, இதை மனசாரச் சொல்றேன். காத்துல நிக்கறதுலயும் அதுதான் ராஜா, ரெண்டரை கிலோ எடை, ஒன்றரை மீட்டர் ரெக்கை, ஆடிக் காத்துலயும் நேரா கிழிச்சுட்டுப் போகும். கணபதி, பீளமேடு பக்கம் லேத்து வெச்சிருக்கற நண்பர் ஒருத்தர் இருந்தா போதும், இஞ்சின் மவுன்ட்டு, ப்ரொப்பல்லர் மூக்குல மாட்டற ஸ்பின்னர்னு எதைக் கேட்டாலும் கடைஞ்சு குடுத்துருவாங்க, மோட்டார் பம்பு செஞ்சே பழகுன ஊரு இது.

பல வருசம் சும்மா கெடந்த இஞ்சின் சுத்தாது, அதுக்கு பயப்பட வேண்டாம், உள்ள வெளக்கெண்ணெ பிசினா இறுகியிருக்கும், ஹீட் கன்னுல சூடு காட்டுனா எளகிரும், கம்பியையோ ஸ்க்ரூ ட்ரைவரையோ உட்டு நெம்பவே கூடாது. பேரிங்கு துரு புடிச்சிருந்தா மாத்திக்கலாம். டேங்கு, சிலிகான் ட்யூப்பு, ரெக்கையைக் கட்டற ரப்பர் பேண்டு எல்லாம் புதுசு போடோணும். கட்டை நல்லாத்தான் இருக்கும், மேல போத்துன ஃபிலிம் தொளதொளன்னு இருந்தா அயர்ன் பாக்ஸ் வெச்சு இழுத்துக்கலாம். இது வரைக்கும் எல்லாம் கையில இருக்குது.

இல்லாதது எரிபொருள். க்ளோ ஃப்யூயலோட பெரும்பங்கு மெத்தனால், தமிழ்நாட்டுல அதை விக்கவும் வெச்சுக்கவும் லைசென்ஸ் வேணும். அறுபது பேருக்கும் மேல செத்துப்போன 2024 ஜூன் கள்ளக்குறிச்சி விசச்சாராயத்துல கலந்ததும் இதேதான், அதனால கட்டுப்பாடு தேவையில்லைன்னு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனா வாரம் அரை லிட்டர் பொழுதுபோக்குக்கு வேணும்னு நிக்கறவனுக்கு முறையா வாங்கற வழி ரொம்பச் சிக்கல். தெரிஞ்ச லேப்புல கேட்டு வாங்கலாம்னு யாராச்சும் சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. அப்பறம் எடை, அதே ட்ரோன் விதிகள்படி 2 கிலோவுக்குள்ள இருக்கற மைக்ரோ வகைன்னா பொழுதுபோக்குக்கு ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், 40 சைஸ் ட்ரெய்னர் அந்தக் கோட்டைத் தாண்டிரும். இதுக்கெல்லாம் மேல, முள்ளுல விழுந்தா ரெக்கைக்குள்ள இருக்கற கட்டைச் சட்டத்தை ரிப் ரிப்பா ஒட்டி, காயவெச்சு, மணல்தாள் போட்டு, மறுபடி ஃபிலிம் போத்தி முடிக்கறதுக்குள்ள சீசன் போயிரும். விரலு மறந்து போயிருக்கற நேரத்துல வாராவாரம் ஓட்டறதுதான் முக்கியம், அது க்ளோவுல நடக்காது.

ரெடிமேட் ஃபோமுக்கு நெறைய பேசத் தேவையில்ல. இபிஓங்கற வளைஞ்சு குடுக்கற ஃபோம், ப்ரஷ்லெஸ் எலக்ட்ரிக் மோட்டாரு, சாயறதைத் தானா சரி பண்ற கைரோ உள்ளயே, பொட்டியைப் பிரிச்சு ரெக்கையைச் சொருகுனா அன்னிக்கே பறக்கும், சாய்ஞ்சா அதுவே நிமுந்துக்கும். ஞாயித்துக்கெழமை ரெண்டு மணி நேரம்தான் கெடைக்கும், கட்டறதுல ஆர்வமே இல்லைங்கறவங்க இதையே வாங்குங்க. மூக்கு நசுங்குனா கொதிக்கற தண்ணி ஊத்துனா உப்பி வரும், அது ஒரு நல்ல குணம். ஆனா ஒடைஞ்சது வாலோ, ரெக்கை வால் மடிப்பைத் திருப்பற குட்டி மோட்டாரான சர்வோ புடிக்கற எடமோன்னா அதே மாடலோட பாகம்தான் வேணும், ஆர்டர் போட்டுட்டு ஒக்காந்திருக்கோணும். இன்னொண்ணு, கைரோவை எப்பவும் போட்டே ஓட்டுனா காத்தோட சண்டை போடறது கைரோதான், உங்க விரலு இல்ல. நல்ல ஒசரத்துல போய் அதை ஆஃப் பண்ணிப் பழகுங்க, இல்லைன்னா ஒரு வருசம் கழிச்சும் ஆரம்பிச்ச எடத்துலயேதான் இருப்பீங்க.

சொந்தமா வெட்டி ஒட்டறதுதான் நான் இப்ப ஓட்டறது. அஞ்சு மில்லிமீட்டர் கனத்துல டெப்ரான்ங்கற லேசான ஃபோம் ஷீட்டு கெடைச்சா ரொம்ப நல்லது, இல்லைன்னா பேப்பர் ஒட்டுன ஃபோம் போர்டு, ஃப்ளெக்ஸ் கடையில குடுக்கற பிவிசி சன்போர்டு மட்டும் வேண்டாம், அது எடை ரொம்ப ஜாஸ்தி. ஒரு மீட்டர் சொச்சம் ரெக்கை, மேல பாதி அகலத்துக்கு இன்னொரு ஷீட்டை ஒட்டிப் படி மாதிரி விட்டா அதுதான் கேஎஃப் ஏர்ஃபாயில்ங்கற ரெக்கை வடிவம், வளைக்கற வேலையே இல்ல, காத்துலயும் அடக்கமா நிக்கும். ஏ2212 1000 கேவி மோட்டாரு (கேவின்னா ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுத்துங்கற கணக்கு), 10 இஞ்ச் ப்ரொப்பல்லரு, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தற 30 ஆம்ப் ஈஎஸ்சி, நாலு 9 கிராம் சர்வோ, 3எஸ் 2200 லிப்போ (மூணு செல்லு, 2200 எம்ஏஹெச் பேட்டரி), இதெல்லாம் ட்ரோன் பாகம் விக்கற எந்தக் கடையிலயும் கெடைக்கும். 2022 பிப்ரவரில முழு ட்ரோன் இறக்குமதிக்குத்தான் தடை போட்டாங்க, பாகங்களுக்கு இல்ல, அதனால இந்த வழிக்கு சரக்குப் பஞ்சம் வராது. மொத்தம் ஒரு கிலோவுக்குள்ள அடங்கிரும், சக்கரமே வேண்டாம், கையால எறிஞ்சு விட்டு புல்லுல எறக்கலாம், நிதானமா ஓட்டுனா பத்து நிமிசம் தாங்கும்.

ரெண்டு விசயத்துல கவனம் வேணும். சாதாரண ஃபெவிக்விக் மாதிரி பசை டெப்ரானை அரிச்சுரும், ஃபோமுக்குன்னு இருக்கறதையோ ஹாட் க்ளூவையோ போடுங்க, ஹாட் க்ளூவும் அள்ளி அப்புனா வால் பக்கம் எடை ஏறும். ரெக்கை அகலத்துல முன்னாடியிருந்து கால் பங்கு எடத்துல வெரலை வெச்சுத் தூக்குனா சமமா நிக்கோணும், நிக்காம எறியவே கூடாது. அடிப்பக்கம் கறுப்புப் பட்டை, மேல ஆரஞ்சு, நம்ம வயசுக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்குதுன்னு கண்ணுக்குத் தெரியறது உசுரு மாதிரி. முள்ளு கிழிச்சா பேக்கிங் டேப்பு, மூக்கு போனா மூங்கில் குச்சி ரெண்டு, ரெக்கையே போனாலும் அட்டையில வரைஞ்ச டெம்ப்ளேட்டு இருக்குது, ராத்திரி சாப்ட்டுட்டு ஒக்காந்தா மறுநாள் வெடியால ரெடி. ஆடிக் காத்துல மட்டும் இது க்ளோ கிட்ட தோத்துரும், எண்ணூறு கிராமைக் காத்து தூக்கிப் பின்னாடியே தள்ளும், அதை மறைக்கறதுக்கில்ல.

மூணுல எதை எடுத்தாலும் பழைய 72 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவை நம்பி மறுபடி ஓட்டாதீங்க, உள்ள இருக்கற நிக்கல் காட்மியம் செல்லு எப்பவோ செத்திருக்கும், வேற யாராச்சும் அதே அலைவரிசை க்ரிஸ்டல் வெச்சிருந்தா சிக்னல் மோதற பயமும் இருக்குது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி ஆறு சேனல் ஒண்ணு வாங்குனா ப்ளேன் மாறுனாலும் ரேடியோ மாறாது, செலவு பண்றதுன்னா மொதல்ல இதுல பண்ணுங்க. எந்தக் குச்சி எந்தக் கையிலங்கறதுதான் மோடு, அந்தக் காலத்துல எந்த மோடுல ஓட்டுனீங்களோ அதுலயே வாங்குங்க.

அதை ஆனி ஆடியிலயே வாங்கிருங்க. வெளிய காத்து அடிக்கிற மாசமெல்லாம் யூஎஸ்பி கேபிள் போட்டு லேப்டாப்புல சிமுலேட்டர் ஓட்டலாம், பிக்காசிம்ங்கற சிமுலேட்டர் காசில்லாமயே கெடைக்குது, நம்மள நோக்கி வர்றப்ப எடது வலது கொழம்பறதை அங்கயே தேய்ச்சு எடுத்துரோணும். பக்கத்துலயே ஷீட்டையும் வெட்டிட்டு இருந்தா ஐப்பசி, கார்த்திகை மழை விடறதுக்குள்ள ரெண்டு ப்ளேன் தயாரா இருக்கும், மார்கழியிலருந்து மாசி வரைக்கும் காத்து அடங்குன வெடியால நேரம் முழுக்க நமக்குத்தான்.